எடுக்காத விரல்

மட்டாஞ்சேரியில் ரஹீனாவின் இணையசேவைக் கடையில் கம்ப்யூட்டர் திரை நீலமாகி உறைந்து நிற்கிறது. காலையில் ஆன்டிவைரஸ் அப்டேட் கேட்டபோது, படித்துப் பார்க்காமல் சரி என்று அழுத்தியவள் அவள்தான். எதிரே சுடலைமுத்து, மாநகராட்சித் துடைப்பம் பிடித்தே ரேகை தேய்ந்தவர். பென்ஷன் நிற்காமலிருக்க, தான் உயிரோடிருப்பதை அவர் இன்றைக்குள் பதிந்தாக வேண்டும். கைரேகைக் கருவியில் வைத்த பெருவிரல் அசையவில்லை. “சிஸ்டம் போச்சு சேட்டா, விரல எடுத்துக்குங்க” என்கிறாள் ரஹீனா. “எடுக்க மாட்டேன் மோளே. ஆறு தடவ வெச்சு இப்பத்தான் புடிச்சிருக்கு” என்கிறார் அவர். தெருவில் இறங்கும் சுக்கு மூட்டைகளின் கார நெடி உள்ளே வருகிறது. கருவியின் சிவப்பு வெளிச்சம் மட்டும் அணையாமல் அவர் நகத்தைச் சுற்றிக் கசிகிறது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டால் அந்த வெளிச்சமும் போய்விடும். பவர் பொத்தான் வரை போன ரஹீனாவின் விரல், அழுத்தாமல் அங்கேயே நிற்கிறது.