பக்கத்து சீட்

டோரீனின் இடுப்பு அந்தப் புது சீட்டுக்குள் இறங்கவே இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள், மூச்சை இழுத்துப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். இது தனக்காகச் செய்த சீட் இல்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

காணாமல் போன ரொட்டிக் கத்தியைத் தேடித்தான் அவள் கராஜுக்கு வந்தாள். கத்தி காரின் மூக்கின் மேல் கிடந்தது, பல்லெல்லாம் மஞ்சள் நுரைத் துகளோடு. காருக்குள்ளே, ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இத்தனை காலம் அவள் உட்கார்ந்து வந்த சீட்டைக் காணோம். அந்த இடத்தில் இது முளைத்திருந்தது.

கல்யாணமான புதிதில் அவளும் நெவிலும் இதே கராஜில் கையால் கட்டிய கார் அது. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களோடு சேர்க்க எஞ்சின் வேண்டுமென்று அவளுடைய பழைய காரைத்தான் அறுத்தார் மனுஷன். அப்படிக் கட்டிய காரை ஒரு நாளாவது அவளை ஓட்ட விட்டாரா? "கிளட்சைக் கருக்கிடுவே" என்ற ஒரே பதில்தான்.

இரண்டு வருஷமாக அந்தக் கிழட்டு வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று பிரேக், வயரிங், ரேடியேட்டர் என எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஆனால் இந்த சீட்டைப் பொறுக்க முடியவில்லை.

இந்த மாதிரி கார் கட்டுகிறவர்கள் சீட் செய்யும் விதம் அவளுக்குத் தெரியாததல்ல. குப்பைப் பையில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி, அது பொங்கும்போது ஆள் மேலே உட்கார வேண்டும். நுரை இறுகியதும் உட்கார்ந்தவரின் இடுப்பும் தொடையும் அப்படியே பதிந்துவிடும்.

இதில் பதிந்திருந்தது ஒடுங்கிய இடுப்பு, நீளத் தொடை. பார்த்ததுமே அவளுக்கு இவோன் ஞாபகம் வந்தது. கார் கிளப்பின் செயலாளர், விளக்குக் கம்பம் மாதிரி உயரம், வாரம் தவறாமல் ஸ்பானர் பெட்டியோடு வந்து நிற்பவள்.

"நெவில்!"

பாதி தூக்கியிருந்த கராஜ் கதவுக்கடியில் நெட்டை உடம்பை மடித்துக் குனிந்து உள்ளே வந்தார் நெவில். கையில் இரண்டு டீ மக். அவளை சீட்டில் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அதுல ஏன் உட்கார்ந்தே? இன்னும் உறை போடல."

"எங்க உட்கார்றது? எனக்குத்தான் பத்தவே இல்லையே! யாருக்கு அளவெடுத்தே?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்..."

"எப்ப? அவளை ஏத்திக்கிட்டு மாட்லாக் ஊர் வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வந்த பிறகா?"

"எவளை?"

"பச்சப்புள்ள மாதிரி கேக்காதே. இந்த சீட்டைப் பண்ணும்போது இவோன் இங்க இருந்தாளா இல்லையா?"

நெவில் மக்குகளை மெதுவாக பெஞ்சின் மேல் வைத்தார். "இருந்தா. இது ஒத்தை ஆள் பண்ற வேலையில்ல டோரீன். ஒருத்தர் உட்காரணும், ஒருத்தர் ஊத்தணும்."

"வெக்கமே இல்லாம சொல்றே பாரு! நான் அக்கா வீட்டுக்குப் போன நாள் பார்த்துப் பண்ணியிருக்கீங்க!"

"நீ இருந்தா ஆயிரம் கேள்வி கேப்பே. அதான்."

"கேக்காம? ஒரு மாசமா முழங்கால் வலின்னு சொல்லி, கடை கண்ணிக்குக்கூட என்னையே வண்டி ஓட்ட வெக்கிறே. இங்க மட்டும் அதே முழங்காலைத் தரையில போட்டு நாள் பூரா வேலை பார்க்கறே! அவளுக்குன்னா வலிக்காதோ?"

"இவோன்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்லத்தான் எனக்கு வாய் வரல."

"அப்ப கிளப்பு முழுக்கத் தெரியும். பொண்டாட்டிக்கு மட்டும் தெரியாது!"

ஓட்டுகிறவர் பக்கம் இன்னும் வெறும் தகரமாகத்தான் இருந்தது. தனக்குக்கூட இன்னும் செய்துகொள்ளாமல் நெவில் இவோனுக்கு முதலில் செய்திருக்கிறார். கூரையில்லாத அந்தக் காரில், மழையில் நனைந்து, மடியில் வரைபடத்தை விரித்து முப்பது வருஷம் வழி சொன்னவள் டோரீன். அந்த இடத்தைத்தான் எவளுக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்.

காரைவிட்டு இறங்கினாள். ரொட்டிக் கத்தியை எடுத்தாள்.

"டோரீன், வேண்டாம்! நான் சொல்றதைக் கேளு!"

"கேட்டது போதும்."

நெவில் காரைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவதற்குள், முதுகிலிருந்து தொடை வரைக்கும் ஒரே இழுப்பு. சீட் இரண்டாகப் பிளந்தது. அப்படியும் ஆத்திரம் தீராமல் குறுக்கே இன்னொன்று போட்டாள்.

"இப்பக் கூப்பிடு உன் இவோனை! வந்து உட்காரட்டும், பார்க்கலாம்!"

  பிளந்து கிடந்த நுரையை நெவில் கையில் எடுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இவோன் ஊத்தினா, நான்தான் உட்கார்ந்தேன். இனிமே எனக்குப் பக்கத்து சீட்தான், வண்டி ஓட்டவே கூடாதுன்னுட்டாரு டாக்டர்."