கை படாமல்

அரூர் பஸ் ஸ்டாண்டிலேயே கூட்டம் நிரம்பிவிட்டது. கைக்குழந்தையோடு ஏறிய மலர்விழிக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது.

பக்கத்து சீட்டில் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, பாப்பாவ கொஞ்ச நேரம் வெச்சுக்கறீங்களா? புடிச்சுக்கிட்டு நிக்க முடியல."

"இல்லீங்க, வேணாம்."

மலர்விழிக்கு முகம் சுண்டிப்போனது. பஸ்ஸில் குழந்தையை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

பஸ் குலுங்கியதில் குழந்தை எட்டி அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்துக்கொண்டது. அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பையிலிருந்து ஈர டிஷ்யூ எடுத்து, குழந்தையின் கையை விரல் விரலாகத் துடைத்தாள். தான் பிடித்திருந்த சீட்டுக் கம்பியையும் துடைத்தாள். தன் கையில் சானிடைசர் ஊற்றித் தேய்த்துக்கொண்டாள்.

அப்புறம் எழுந்துவிட்டாள்.

"நீங்க உக்காருங்க."

கூட்டத்தில் நுழைந்து பின்படிக்கட்டுப் பக்கம் போய், மார்கழிக் குளிர்காற்றில் நின்றுகொண்டாள்.

அதே சீட்டில் ஜன்னலோரம் இருந்த கோவிந்தம்மாள் என்ற பெண்மணி உதட்டைப் பிதுக்கினாள். "எடத்தக் கூட குடுப்பாளாம், கொழந்தய தொட மாட்டாளாம். நல்லாருக்குது."

"நாங்க சித்தேரிங்க. மலைக்காரங்கன்னா சில பேருக்கு எளக்காரந்தான்" என்றாள் மலர்விழி. காலியான சீட்டில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தர்மபுரியில் இறங்கியதும் நேராக அந்தப் பெண்ணிடம் போனாள்.

"எம் புள்ளைய காலையில குளிப்பாட்டித்தாங்க தூக்கியாந்தேன்."

அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். துப்பட்டாவை மூக்கோடு அழுத்திக்கொண்டு இருமினாள்.

"கிட்ட வராதீங்க. எனக்குத்தான் சளியும் காய்ச்சலும். பாப்பா விரல வாயில வெச்சா ஒட்டிக்குமேன்னுதான் தொடச்சேன்."

"இத அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா எல்லாருமாச் சேந்து பஸ்ஸ விட்டு எறக்கிடுவாங்களோன்னு பயம்."

"காய்ச்சலோட எதுக்குங்க இப்படி அலையறீங்க?"

அவள் பெயர் ஆக்சிலியா. ஓசூரில் கம்பெனி வேலை.

"எங்கக்காவுக்கு ரொம்ப வருசம் கழிச்சு கொழந்த பொறந்திருக்குது. தூக்கிப் பாக்கத்தான் ஓடியாந்தேன். வர்ற வழியிலயே காய்ச்சல் கண்டுடுச்சு. அரூர் ஆஸ்பத்திரியில ரூம் வாசல்லயே நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போறேன்."

சொல்லும்போதே அவள் கண் மலர்விழியின் தோளில் கிடந்த குழந்தைமேல்தான் இருந்தது.

மலர்விழி கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலேயே குழந்தையைத் திருப்பி, அவளுக்கு நன்றாகத் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.