பகிர்ந்தவர் வீட்டு மாவு

மாவு அரைத்து விற்கும் கீழ்வீட்டு செண்பகவல்லி அதில் சோடா கலக்கிறாளாம் என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டவள் நான்தான். பார்க்கவில்லை, தோன்றியது, அவ்வளவுதான். அன்றே அவள் வியாபாரம் படுத்தது. இப்போதைய சட்டப்படி, வதந்தி பகிர்ந்ததால் விற்காமல் போனதைப் பகிர்ந்தவர் வீடே தின்று தீர்க்க வேண்டும்.

"உங்க புண்ணியத்துல வீடுவீடா அலையிற வேலை மிச்சம்" என்று செண்பகவல்லி தினமும் மூன்று வாளி மாவை என் வாசலில் இறக்கினாள்.

"இன்னிக்கும் தோசையா?" என்று கணவர் புளித்த ஏப்பம் விட்டார்.

"மாவு சுத்தம், வாங்குங்க" என்று எல்லோரிடமும் கெஞ்சினேன்.

"போங்கக்கா, அதைத் தின்னு உங்க மூஞ்சியே உப்பிப் போச்சு" என்று எதிர்வீட்டு நப்பின்னை என்னைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். வாங்க நினைத்தவர்களும் பின்வாங்கினார்கள்.

மறுநாள் அதே சட்டப்படி ஒரு வாளி நப்பின்னை வாசலுக்குப் போனது. செண்பகவல்லியின் பிழைப்பை நினைத்து நான் வருந்தியிருக்க வேண்டும். அந்த வாளியைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.