சாய்ந்தே பழகிய வயர்

செல்போனின் சார்ஜிங் போர்ட் ஆட்டம் கண்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வயரை இடப்பக்கமாகச் சாய்த்து வைத்தால்தான் சார்ஜ் ஏறும். வயரும் முகம் கோணாமல் சாய்ந்தே கிடந்தது. கழுத்தில் உறை பிய்ந்து செம்புக் கம்பி வெளியே தெரிந்தபோதும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடைசியில் ரிப்பேர் கடையில் பழைய போர்ட்டைச் சூடு காட்டிப் பெயர்த்துத் தட்டில் போட்டார்கள். அந்த இடத்தில் புதிதாக ஒன்றைப் பற்றவைத்து, வயரைச் செருகிப் பார்த்தார்கள்.

"ஏன் அண்ணே சாய்ஞ்சே வர்றீங்க? நான் ஆட மாட்டேன், நேராவே வாங்க," என்றது புது போர்ட்.

வயர் முயன்று பார்த்தது. கழுத்து நிமிரவில்லை.

தட்டிலிருந்து பழைய போர்ட் குரல் கொடுத்தது. "தம்பி, அவன் பிறவியிலேயே கொஞ்சம் கோணல். இத்தனை நாளும் நான்தான் அனுசரிச்சுப் போனேன். நீயும் கோவிச்சுக்காம பாத்துக்கோ. தங்கமான பய."

உண்மை வயரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தட்டில் கால் உடைந்து கிடந்த கூட்டாளியை ஒருமுறை பார்த்தது.

"ஆமா தம்பி, பிறவிக் கோணல்தான்," என்றது. "அண்ணன் இல்லேன்னா என்னை யாரு சேத்துக்கிட்டிருப்பா?"