அண்ணி அணையவிட்ட நெருப்பு

"நெருப்பு அணைஞ்சு போச்சு," என்றாள் அண்ணி. ஏதோ ஈ பறந்துவிட்டது என்பதுபோல.

எனக்கு வந்ததே கோபம். எங்கள் குகையில் ஆளுக்கு ஆறேழு வேலை. மெவ்ரா அண்ணிக்கு ஒரே வேலைதான், நெருப்பைக் காப்பது.

"அதைக்கூடப் பார்த்துக்க முடியலையா அண்ணி?"

"கண் அசந்துட்டேன் இக்கி. மழைச் சாரல் அடிச்சிருக்கு. இப்ப என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"பண்றதையெல்லாம் பண்ணிட்டு என்னைக் கேளு."

அண்ணன் ஓர்க் தோல் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "உன்னைக் கட்டினதுக்கு ஒரு பாறையைக் கட்டியிருக்கலாம். அதாச்சும் முழிச்சுக்கிட்டு இருக்கும்."

அண்ணி ஈரச் சாம்பலை ஒதுக்கித் தள்ளினாள்.

நெருப்புக்கல்லைத் தட்ட வேண்டியதுதானே என்பீர்கள். கல் எங்களிடம்தான் இருக்கிறது. பொறியைப் பிடிக்கிற காய்ந்த காளான் பஞ்சு முழுக்க அக்கரையில், தம்பி ஹெல்முவிடம். ஐந்து நாளாக அடைமழை. காட்டில் காய்ந்த பஞ்சுக்கு எங்கே போவது?

எல்லாம் போன இலையுதிர் காலத்துச் சண்டையால் வந்த வினை. கலைமானை முதலில் குத்தியவனுக்குத்தான் அதன் நாக்கு. முதல் ஈட்டி என்னுடையது என்று அண்ணனும் சொன்னான், தம்பியும் சொன்னான். ஒரு நாக்குக்காகக் குடும்பமே இரண்டாகி, கல் பெரியவனுக்கு, பஞ்சுப்பை சின்னவனுக்கு, எரிகிற கட்டை ஆளுக்கொன்று என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஆற்றுக்கு இரு பக்கமும் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த லட்சணத்தில் மான் கூட்டம் ஆற்றில் இறங்கியது. ஒரு கரையிலிருந்து விரட்டி, மறு கரையில் ஈட்டியோடு நிற்க வேண்டும். இவர்கள் இரண்டு கரையிலும் நின்று போட்டி போட்டு விரட்ட, அவ்வளவு மானும் நடு ஆற்றோடு கீழே நீந்திப் போய்விட்டது. பனிக்காலம் பூராவும் தோல் வாரை வேகவைத்துத் தின்றோம். எனக்குப் பால் வற்றி, என் மகளைப் பறிகொடுக்கப் பார்த்தேன். இதோ, மான் வர இன்னும் இரண்டு மூன்று நாள்தான். மறுபடி ஒரு பட்டினியை அவள் தாங்கமாட்டாள்.

"ஹெல்மு கிட்ட நெருப்பு வாங்கிட்டு வரேன்," என்றாள் அண்ணி.

"அவன் வாசல்ல போய் நிக்கிறதுக்கு நான் பச்சைக் கறி தின்னுட்டுப் போறேன்," என்றான் அண்ணன்.

"கறி எங்கண்ணா இருக்கு, தின்ன?" என்றேன்.

அவன் பயம் எனக்குத் தெரியும். எங்கள் வழக்கப்படி, நெருப்பு கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் பனி கரைகிறவரை ஒன்றாகத்தான் வேட்டைக்குப் போயாக வேண்டும்.

மகள் குளிரில் சிணுங்கினாள். அண்ணன் போர்வையைத் தூக்கி அவள்மேல் போட்டான். "போய்த் தொலைங்க," என்றான்.

கங்கு எடுத்துவரக் குடைந்த கொம்போடு ஆற்றுக்குப் போனோம். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். அண்ணி சாவகாசமாக நடந்தாள்.

கல் கல்லாகத் தாண்டி நடு ஆற்றுக்கு வந்தால், எதிரே ஹெல்முவின் பெண்டாட்டி தெல்லா. அவள் கையிலும் வெறுங்கொம்பு.

"நீ எங்கேடி கிளம்பினே?" என்றேன்.

"உங்ககிட்ட நெருப்பு கேக்கத்தான். எங்களது அணைஞ்சு போச்சு."

இரண்டு கரையிலும் நெருப்பில்லை என்றால் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

"என் வீட்டுக்காரன் கிட்ட கல் இருக்கு, உன் வீட்டுக்காரன் கிட்ட பஞ்சு இருக்கு. அவனை இழுத்துட்டு வா," என்றாள் அண்ணி, நிதானமாக.

பிள்ளை விறைத்துக்கொண்டிருக்கிறாள் என்றதும் ஹெல்மு பஞ்சுப்பையோடு எங்கள் குகைக்கு ஓடி வந்துவிட்டான். அண்ணனும் தம்பியும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள்.

"ஓங்கித் தட்டு. தடவிக் கொடுக்கறே."

"நீ பஞ்சை ஒழுங்காப் பிடி. ஈட்டியைத்தான் பிடிக்கத் தெரியலை."

"தெரியாமதான் நாக்கு எனக்கு வந்துச்சா?"

"என் நாக்குடா அது."

"உன் நாக்கு உன் வாயிலதான் இருக்கு. முழ நீளத்துக்கு."

ஓர்க் சிரித்துவிட்டான். நாலைந்து தட்டலுக்குப் பிறகு பொறி விழுந்தது. இருவரும் தலை முட்டிக்கொள்ளக் குனிந்து ஊதினார்கள். சுள்ளி பற்றியது. யார் நெருப்பு கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்று இனி யாரும் பெருமை பேச வழியில்லை.

"இந்தத் தடவை நீ விரட்டு. நான் இந்தக் கரையில நிக்கறேன்," என்றான் அண்ணன், நெருப்பைப் பார்த்தபடி.

"சரிண்ணா," என்றான் தம்பி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மகளை நெருப்போரம் மடியில் வைத்துக்கொண்டேன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"இனிமேலாவது கண் அசராம இதைப் பார்த்துக்கோ அண்ணி," என்றேன்.

தெல்லா என் காதோரம் குனிந்தாள்.

"மெவ்ரா அக்காவா கண் அசந்தாங்க? நாங்க ரெண்டு பேரும் சொல்லிவச்சுத்தான் தண்ணியை ஊத்தினோம். எங்க நெருப்பு லேசுல அணையலை. மூணு தோல்பை ஆச்சு."