சந்து வாயில் ஒரு செங்கல்

கொத்துக்கரண்டியைக் கையில் வாங்கியதும் அம்மா செங்கல்லைத் தொடவில்லை.

சந்தின் முனைச் சுவரில் டக் டக்கென்று தட்டினாள்.

ஒட்டியிருந்த கலவையை உதறுகிறாள் என்று கொத்தனார் நினைத்தார். கட்டடக் கம்பெனிப் பொறியாளரும் அப்படித்தான். கவுன்சிலராகப் பக்கத்தில் நின்ற மகளுக்கு மட்டும் தூக்கிவாரிப்போட்டது.

அந்தத் தட்டல் அவளுக்குத் தெரியும்.

தேர்வீதி வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்து இது. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் மலம் அள்ள வருகிறவர்களுக்கென்றே விட்ட வழி. அம்மா வாளியும் தகரமுமாக இதற்குள்தான் நுழைவாள். நுழையுமுன் தகரத்தால் சுவரில் தட்ட வேண்டும். அது வழக்கம். சத்தம் கேட்டதும் கொல்லைக் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். மாடி ஜன்னல்களும்தான்.

அந்த வீடுகளின் முன்வாசலில் என்ன கோலம் போடுவார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது.

பிறகு வாளி ஒழிந்தது. சந்துக்கு வேலையில்லாமல் போனது. எருக்கஞ்செடியும் உடைந்த பீங்கானும் மட்டும் அங்கே குடியிருந்தன. ஒரு பக்கத்து வீடுகளை வாங்கிய கம்பெனி, இந்த இடத்தையும் சேர்த்துக் கேட்டது.

பொதுச் சொத்தைத் தூக்கிக் கொடுப்பதா என்று மாமன்றத்தில் ஒரே கூச்சல். மகளின் கட்சிக்காரர்களே முகம் சுளித்தார்கள். பாரம்பரியம் மிக்க பாதை என்றுகூட ஒருவர் பேசினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எழுந்து நின்றாள். அந்தப் பாதையில் நடந்தவர்கள் கையைத் தூக்கலாம் என்றாள்.

தூக்கியது அவள் கை மட்டும்தான்.

தீர்மானம் நிறைவேறியது.

கம்பெனிக்குக் கொள்ளை லாபம்தான். இருக்கட்டும். அம்மா உயிரோடு இருக்கும்போதே இது அடைபட வேண்டும். அம்மா கையாலேயே அடைபட வேண்டும். மகளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

உள்ளே நிழல் இருக்கிறது, உள்ளே நின்று கல் வைத்தால் போட்டோ நன்றாக வரும் என்றார் பொறியாளர்.

அம்மா காதில் வாங்கவில்லை. தெருவை விட்டு ஓரடி நகரவில்லை.

மேலே கிறீச்சென்று ஒரு சத்தம்.

எதிர்ப்பக்கத்து மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அடுத்த ஜன்னலும். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். யாரோ உள்ளே திரும்பி, வாங்க, வந்து பாருங்க என்று கூப்பிட்டார்கள்.

அம்மா அண்ணாந்து பார்த்தாள். கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள்.

பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். குனிந்து கலவையைப் பரப்பினாள். கல்லை வைத்தாள். கரண்டிக் காம்பால் தட்டினாள். கல் அசையாமல் உட்கார்ந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். மகளுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பொறியாளர் கைகழுவத் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். போதும், மிச்சத்தை ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

அம்மா சொம்பை வாங்கவில்லை. கொத்தனார் பக்கம் கையை நீட்டினாள்.

"இன்னொரு கல்லு குடு தம்பி."

கொத்தனார் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மகள் ஒருவரையும் பார்க்கவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செங்கல் அடுக்கின் பக்கம் போனாள்.

அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அம்மா ஒவ்வொரு கல்லையும் தட்டித் தட்டி உட்காரவைத்தாள்.

ஜன்னல்கள் திறந்தே இருந்தன.