ஒருத்தர் விடாம வேலை

"ஒரே வருஷப் படிப்பு மேடம். பதினெட்டாயிரம் டாலர். முடிச்சா மணிக்கு இருபத்தாறு டாலர் சம்பளம்" என்றாள் பிராண்டி. டேடன் நகரின் அந்த நர்ஸிங் பள்ளியில் ஆள் சேர்ப்பது அவள் வேலை.

வெர்லீன் முதியோர் இல்லத்தில் மணிக்குப் பதினாறு டாலருக்குக் கிழவர்களைக் குளிப்பாட்டிவிட்டு நேரே வந்திருந்தாள்.

"அரசாங்கக் கல்லூரியில இதுல பாதிதானே, கண்ணு?"

"அங்க இடம் கிடைக்க ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இதே பதினாறு டாலர்தானே மேடம்?"

நியாயமாகத்தான் பட்டது. முன்பணத்துக்காகப் புருஷனின் வண்டியைக்கூட விற்றாகிவிட்டது. வெர்லீன் பேனாவைத் திறந்தாள்.

"வேலை நிச்சயமா கிடைக்குமா?"

"போன வருஷம் முடிச்ச எல்லாருக்கும் கிடைச்சுது. ஒருத்தர் விடாம." பிராண்டி திரும்பாமலே பின்சுவரைக் காட்டினாள். படத்தில், வெள்ளை உடுப்பில் புது பேட்ஜ் குத்திக்கொண்டு ஒரு கூட்டம் சிரித்தது.

கையெழுத்துப் போட மூக்குக்கண்ணாடியை மாட்டிய வெர்லீன், படத்தையும் ஒருமுறை பார்த்தாள்; பிறகு பிராண்டியின் முகத்தை.

"முன்வரிசையில ஓரமா நிக்கிற பொண்ணுக்கு எந்த ஆஸ்பத்திரியில வேலை?"

பிராண்டி மேலாளரின் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க படிச்சவங்கள ஆஸ்பத்திரியில எடுக்கல மேடம். பள்ளிக்காரங்களே எனக்கு இந்த நாற்காலியக் குடுத்தாங்க."

வெர்லீன் பேனாவை மூடினாள்.

"உன் படிப்புக் கடன் தீர்ந்துதா?"

"மாசாமாசம் என் சம்பளத்துல இவங்களே பிடிச்சுக்கறாங்க."